வீடியோ திக்குன எடம்

வீடியோ திக்குச்சு. என் பொண்டாட்டி திருடியாயிட்டா. நடந்தது அவ்ளோதான் மச்சான். அத்தப் போயி பழைய கதைன்னு சொல்ற. எனுக்கு ஒண்ணும் பழசாவல.

குந்து. உள்ள போயி இன்னா பண்ணப் போற? மதி பொண்ணு இப்பத்தான் பீச்சுல துப்பட்டாவப் பறக்க வுட்டுகினு ஓடுது. பாட்டு கேக்கல? அது ஓடி முடிக்கணும். அப்பால ரோசாப்பூவுக்குள்ள அதும் மூஞ்சி வரணும். அப்பால அத்தைமாருங்க மஞ்சத்தண்ணி ஊத்தணும். அப்பாலதான் சீரு. தாய்மாமன் சீரு. உன் சீரு. அது வர்ற வரிக்கும் நீ உள்ள தேவையில்ல.

இந்த ஹவுசிங் போர்டுல காத்து வர்ற எடம் இந்த நடை ஒண்டிதான். பவர் ஹவுசு சாம்பலும் வரும். தொடைச்சுக்க. வெள்ளைச் சட்டை போட்டுகினு எர்ணாவூர் வந்தா அப்டித்தான்.

சொக்கம்மாவ யாரு கூப்ட்டதுன்னு கேக்கற. யாரும் கூப்புடல. எம் பொண்ணு மதி சடங்கு கேசட்டு வந்துகீது, என் வூட்ல எல்லாரும் ஒண்ணா குந்திப் பாக்கலாம்னு உன் தங்கச்சி மலர்க்கொடி எனுக்குத்தான் போன் போட்டா. அக்காவுக்கு ஒடம்பு முடியலன்னா பரவால்ல மாமான்னா. வராத, இட்டாராதன்னு அர்த்தம். ஆமா, பென் டிரைவுதான். நான் கேசட்டுன்னுதான் சொல்லுவேன். இட்டாந்தேன். டிவிக்கு நேரா முதல் சேர்ல குந்த வெச்சுகீறேன். மலரோட மாமியாக்காரி சேர இஸ்துகினு தள்ளிப் போனா. நீ பாத்த, நானும் பாத்தேன்.

அன்னிக்கு நடந்தத்த மறந்துட்டா மாரி பேசற. நான் சொல்றேன், கேளு.

திருவொத்தியூர் மண்டபம். வாசல்ல உன் பேனரு, ஆள் ஒசரத்துக்கு. தாய்மாமன் எழிலன், அஞ்சு சவரன் சங்கிலி சீருன்னு எழுதிகீது. சீரு சாமான எவன் மச்சான் பேனர்ல எழுதுவான்? நீ எழுதுவ. நீ அப்டியாப்பட்ட ஆளு. உம் பொண்ணு பொறந்தப்ப அதும் பேர பச்ச குத்திகினு வந்து, ராயபுரம் மார்க்கெட்டுல மீன் வெட்றவன் வரிக்கும் காட்டிகினு திரிஞ்சவன்தான? அப்பால அந்தப் பொண்ணு இன்னா படிக்குது, எங்க வேலைக்குப் போவுதுன்னு ஒரு நாளு கேட்டியா? மைக்குல ஒண்டி சொன்ன, எம் பொண்ணு ஐடி கம்பெனில கீதுன்னு. எந்தக் கம்பெனி? பேரு சொல்லேன். எங்க கீது, கிண்டியா, சோழிங்கநல்லூரா? ம். சரி, வுடு.

சங்கிலித் தட்டு சொக்கம்மா கையில. குடுத்தது நீதான். அக்கா, உன் கைதான் ராசியான கை, முதல் தட்ட நீ எடுன்ன. கூடப் பொறந்தவ இல்ல, பெரியப்பா பொண்ணு. இருந்தாலும் ஒரே சோத்துப் பானையில வளந்த மாரிதான் அவ உன்னை நெனைச்சா. இந்த பிளாக்குல எவ வூட்டு விசேசமா இருந்தாலும் முதல் தட்டு அவதான். அன்னிக்குத் தலைக்குக் குளிச்சு, புச்சு சேல கட்டிகினு நின்னா. செவப்பு வெல்வெட்டு பொட்டி. உள்ள சங்கிலி. பொட்டிய மூடாத, தொறந்தே வையி, ஜனம் பாக்கட்டும்னதும் நீதான்.

வாசல்லேந்து மேடை வரிக்கும் பேண்டு. புகை மெசினு. கலர் பேப்பரு வெடி. நீ சட்டைக் கைய முழங்கை வரிக்கும் மடிச்சு வுட்டுகினு தட்டுக்கு முன்னாடி ஆடிகினு வந்த. உன் வயசுக்கு நல்லாத்தான் ஆடுன. மேடைக்குப் போயி பாத்தா பொட்டி மூடிகீது. தொறந்தா காலி.

அப்பால நீ இன்னா சொன்ன? அக்கா மேல எனுக்கு சந்தேகமே இல்ல, நாளைக்கு ஒருத்தன் பேசக் கூடாது பாரு, சும்மா ஒரு தபா பையப் பாத்துருவோம்ன. நல்லவன் மாரி. மேடையில வெச்சு அவ பையக் கொட்டுனாங்க. இன்னா இருந்துச்சு? வெத்தல. சுகரு மாத்திர. பல்லு ஒடைஞ்ச சீப்பு. மதிக்கு திருஷ்டிப் பொட்டு வெக்கலாம்னு எடுத்தாந்த மை டப்பி. அந்த டப்பி ஒண்டி உருண்டுகினே போயி ஒரு கொழந்த கால்ல நின்னுச்சு. அதோட வுட்டீங்களா? பொண்ணு ரூமுக்கு இட்டுகினு போயி கதவ சாத்துனாங்க. உள்ள இன்னா பண்ணாங்கன்னு இன்னி வரிக்கும் அவ சொல்லல. நான் கேக்கல. வெளில வந்தப்ப சேல மடிப்பு மாறி இருந்துச்சு. எனுக்கு அது போதும்.

தண்ணி ஊத்தறாங்க போல. சிரிப்பு கேக்குது. இன்னும் நேரம் கீது, குந்து.

பைலயும் கெடைக்கல, ரூமுலயும் கெடைக்கல. அத்தோட முடிஞ்சிருக்கும். மலரு புருசன்தான் வீடியோவப் பாப்போம்னான். எல்லாருமாப் போனோம், விம்கோ நகரு ஷிபின் கடைக்கு. நீ வாசல்லயே நின்ன. பீடி புடிக்கறன்னு நெனைச்சேன். கையில பீடி இல்ல, இப்ப ஞாபகம் வருது.

ஷிபினோட கேமரா புச்சு. கம்ப்யூட்டரு அரதப் பழசு. ஜனம் குந்தி கீற வரிக்கும் படம் ஒழுங்கா ஓடுச்சு. சீரு கெளம்பி, புகையடிச்சு, கலர் பேப்பரு வெடிச்சுது பாரு, அப்பப் படம் நின்னுருச்சு. பேண்டு சத்தம் ஒண்டி ஓடுது. அப்பால படம் ஒரு குதி குதிச்சுது. குதிக்கறதுக்கு முன்னாடி பொட்டி தொறந்து கீது. குதிச்ச பின்னாடி பொட்டி மூடிகீது, அது மேல சொக்கம்மா கை. மறுபடி போட்டான். அதே எடத்துல திக்குச்சு. அதே கை.

தட்டு சாஞ்சுது, புடிச்சேன்னா அவ. எவன் கேட்டான்? மலரு வாயில கை வெச்சா. அவ மாமியாக்காரி, போதும் நிறுத்துப்பான்னா. அவ்ளோதான். போலீசு வேணாம், குடும்ப மானம்னு நீ பெரிய மனசு பண்ண. அதுக்கு எல்லாரும் உனுக்கு நன்றி வேற சொன்னாங்க. கஸ்மாலம்.

அன்னிலேந்து அவ தண்ணி லாரிக்கு வரல. நான்தான் கொடத்தத் தூக்கிகினு எறங்குறேன். வரிசைல பொம்பளைங்க பேச்ச நிறுத்துவாங்க. கீழ் வூட்ல வளைகாப்பு. பத்திரிக வெச்சாங்க, தட்டு எடுக்கக் கூப்புடல. இவ ஜன்னல சாத்திகினு உள்ள குந்திகினா. வளையல் சத்தம் கேக்கக் கூடாதுன்னு. ஒரு நாளு எங்கிட்ட கேட்டா, நான் எடுத்து எங்கனா மறந்து வெச்சுட்டனா, நீ சொல்லுய்யான்னு. அப்டிக் கேக்க வெச்சிட்டீங்க அவள.

நான் ஹார்பர்ல விஞ்சு ஓட்டுனவன். சரக்கு தூக்கசொல்ல ஒரே எடத்துல ஒதறுச்சுன்னா, கயித்தப் பாப்போம், மெசினப் பாப்போம். மூட்டை மேல பழி போட மாட்டோம். ஷிபின்கிட்ட திரும்பப் போனேன். திக்காம போடுடான்னேன். அவன் நாகர்கோவில்காரன், என்னைப் பாட்டாம்பான். பாட்டா, என் சிஸ்டம் இதுக்குத் தாங்காது, பெரிய வேலையெல்லாம் ராயபுரத்துல குடுத்துதான் மிக்ஸிங் பண்ணுவேன்னான். அப்பால ஒண்ணு சொன்னான். அந்தத் துண்டே வேண்டாம்னு உங்க மச்சான் போன் பண்ணிட்டாரு, வெட்டிர சொல்லிட்டாருன்னான்.

இன்னாத்துக்கு எழுந்துக்கற? குந்துடா.

மானத்துக்குத்தான் சொன்னியா? சரி. அப்டியே இருக்கட்டும். எங்க அக்கா மானம் போயிரும்னு சொன்னியாம். அவ மானம் போயி ஒரு மாசம் ஆன பின்னாடி.

ஷிபின்கிட்ட ஹார்டு டிஸ்க்க வாங்கிகினு ராயபுரம் போனேன். கல்மண்டபத்தாண்ட, வலைக்கடைக்கு மேல ஒரு ரூமு. கடல் வாடை, கருவாட்டு வாடை, உள்ள ஏசி. ஒரு பொண்ணுதான் காதுல மாட்டிகினு வேல பண்ணுது. என்னைப் பாத்துட்டு எழுந்து நின்னுச்சு. சேர என்னாண்ட தள்ளுச்சு. விசயத்த சொன்னேன். நான் பாக்கறேன்னுச்சு.

அதும் மெசினுலயும் அந்த எடம் லேசாத் திக்குச்சு. ஏன்மா இப்டின்னு கேட்டேன். வீடியோன்னா ஒண்ணு பின்னாடி ஒண்ணா ஓடற படமாம், கேமரா எல்லாப் படத்தயும் முழுசா வெக்காதாம். எடம் பத்தாது இல்ல. ஒரு படம் முழுசு. அப்பால வர்றதுல எது நவுந்துச்சோ அத்த மட்டும் எழுதி அமுக்கி வெக்குமாம். சும்மா நிக்கிற ஆளுன்னா பிரச்சன இல்ல. ஒரே நேரத்துல ஜனம், புகை, பேப்பரு, பேண்டுக்காரன்னு எல்லாம் ஆடுச்சுன்னா, அது அத்தனையும் கணக்குப் போட்டுப் பிரிக்கறதுக்குள்ள மெசினுக்கு மூச்சு வாங்கிருது. நடுவுல ஒரு கொத்துப் படத்த வுட்டுட்டுத் தாவிரும். புரிஞ்சுதான்னுச்சு. கண்டெய்னர்ல அமுக்கி அடைச்ச மாரியா, ஒரு மூட்டைக்கு முழுசும் எறக்கணுமான்னேன். கரெக்டுன்னு சிரிச்சுது.

எடிட்டுக்கு முன்னாடி அத்தப் பிரிச்சு வெக்கிறதுக்குன்னே ஒரு சாப்ட்வேரு கீதாம். நடுவுல ஒரு கோடெக்குக்கு மாத்தணுமாம். பேரு இங்கிலீசுல சொன்னுச்சு, வாயில நிக்கல. மாத்துனா ஒவ்வொரு படமும் தனித்தனியா, முழுசா நிக்கும். ஷெட்டுல மூட்டைய வரிசையா எறக்கி வெச்ச மாரி. எத்த வேணா போயித் தொடலாம். ஆனா பைலு ஊதிப் போவும், டிஸ்க்கு ரொம்பிரும். ரொம்பட்டும்னேன். இல்லாதத்த அது உண்டு பண்ணிருமான்னு கேட்டேன். பண்ணாது, கேமரா பாத்தது இன்னாவோ அதுதான், ஒண்ணும் கூடாது, கொறையாதுன்னுச்சு. அப்ப மாத்துன்னேன்.

மாத்த வுட்டுட்டு ரெண்டு பேரும் கீழ எறங்கி டீ குடிச்சோம். பொறை வாங்கிக் குடுத்துச்சு எனுக்கு. பல்லு இல்ல, முக்கித் தின்னேன்.

மேல வந்து போட்டுச்சு. மச்சான், எண்ணெய் ஊத்துன மாரி ஓடுச்சு. புகை புகையா வருது. ஒவ்வொரு பேப்பரும் தனித்தனியாக் காத்துல சுத்திகினு எறங்குது. பேண்டுக்காரன் கன்னம் ஊதறது தெரியுது. அப்பால கீ போர்டுல ஒரு பட்டனத் தட்டித் தட்டி ஒரு ஒரு படமா நவுத்துச்சு. சொக்கம்மா மேல பாக்கறா, பேப்பரு விழுதேன்னு. கொழந்த மாரி சிரிக்கறா. அந்தச் சிரிப்ப நான் கல்யாணத்தன்னிக்குப் பாத்தது. ரெண்டு கையும் தட்டுக்கு அடியில கீது. ரெண்டும், நல்லாக் கேட்டுக்க.

அப்ப முன்னாடிலேந்து ஒரு கை வருது. ஆடற கை. பொட்டிக்குள்ள போவுது, சுருட்டுது, அப்டியே மூடிய ஒரு தட்டு தட்டி வுட்டுட்டு மேல தூக்கி ஆடுது. அவ்ளோதான். கண்ண மூடித் தொறக்கற நேரம். தட்டு சாயுது. அவ பதறிப்போயி மேல புடிக்கறா. அதுதான் எல்லாரும் பாத்த கை.

யாரு கையா? உனுக்குத் தெரியாது?

மூஞ்சி வரல, பேப்பரு மறைச்சுது. அது நெஜம்தான். அதத்தான் நம்பிகினு குந்திகீறியா? நானும் யாரு கைன்னுதான் கேட்டேன். கைல இன்னாவோ எழுதி கீது, என் கண்ணுக்குத் தெரியல, பெருசு பண்ணிப் படிம்மான்னேன். அந்தப் பொண்ணு படிக்கல. காதுல கீறத்தக் கழட்டி வெச்சுது. எழுந்து போயி மூஞ்சி கழுவிகினு வந்துச்சு. மறுபடி பின்னாடி போயி, மறுபடி ஒரு ஒரு படமா வந்துச்சு. அப்பால படிச்சுது. சத்தமாத்தான் படிச்சுது.

தோ. பேண்டு. கேக்குதா? சீரு கெளம்பிருச்சு.

இல்ல, வெட்டல. வெட்டியாச்சுன்னு ஷிபின் உனுக்கு மெசேஜு போட்டான் இல்ல? நான்தான் அப்டிப் போட சொன்னேன். இல்லன்னா நீ இன்னிக்கு வருவியா? வவுத்து வலின்னு படுத்துகினு இருப்ப. மலர்கிட்ட தனியாக் காட்டியிருக்கலாம்னு நீ சொல்லாத. தனியாவா என் பொண்டாட்டி பையக் கொட்டுனீங்க? ஜனம் இருந்துச்சு இல்ல? அதே ஜனம் வரணும். அதே மாமியாக்காரி வரணும். அவ முதல் சேர்ல குந்தணும். பிரியாணி வாசன வரணும். அதுக்குத்தான் இத்தினி நாளு வாய மூடிகினு கொடம் தூக்குனேன்.

நான் இன்னும் கேவலமாப் பண்ணணும்னுதான் இருந்தேன். அந்தக் கைய வட்டம் போட்டுக் காட்டு, திருட்டுக் கைன்னு கலர்ல எழுது, நாலு தபா திரும்பத் திரும்பப் போடுன்னேன். அந்தப் பொண்ணு ஒத்துக்கல. நான் எதையும் சேக்கவும் மாட்டேன், எடுக்கவும் மாட்டேன், திக்காம ஓடும், அது போதும் மாமான்னுச்சு. மெதுவா ஒண்டி ஓட வுட்டுகீது. அதெல்லாம் விசேச வீடியோல வர்றதுதான்.

ஏன் எடுத்தன்னு நான் கேக்கல. எனுக்குத் தெரியும். மேடையில மலரு புருசனோட பெரியப்பா நின்னாரு. தங்கசாலைத் தெருவுல நகைப் பட்டறை வெச்சுகீறவரு. நெல்லூருக்குப் போனவரு அன்னிக்கு வருவாருன்னு நீ நெனைக்கல. சங்கிலி அவரு கையில போயி, அவரு எடுத்து மதி கழுத்துல போடணும். தொட்டாலே சொல்லிருவாரு இது கவரிங்குன்னு. பேனர்ல அஞ்சு சவரன், பொட்டில கவரிங்கு. நீ கவரிங்கு போட்டியேன்னு எவன் கேட்டான்? ஒரு சேல, ஒரு பூ மாலை வெச்சு, என்னால இதான் முடியும் மலருன்னு சொல்லியிருந்தா, அவ உன் கால்ல வுழுந்திருப்பா. உன் பந்தாவுக்கு என் பொண்டாட்டி சேலய அவுக்கணுமா? சொல்லுடா.

அழாத. எனுக்கு ஒண்ணும் ஆவல அதப் பாத்து.

கேளு. பேண்டு ஓடுது, ஜனம் பேசல. பாத்தியா? இவ்ளோ நேரம் கொயகொயன்னு இருந்துச்சு. ஒரு கொழந்த சத்தம்கூட இல்ல.

சங்கிலிக்கு சாட்சி இல்லன்னு சொல்ற. உள்ளதான் கீது. டிவி பக்கத்துல, பூஜாடிக்குக் கீழ. கொக்கி கறுத்துப் போச்சு. உன் பீரோல, பழைய வேட்டிக்கு நடுவுல சுருட்டி வெச்சிருந்த எடத்துலேந்து வந்துது. நான் எடுக்கல. உன் வூட்டு வாசப்படிய நான் மிதிச்சே மூணு மாசம் ஆவுது.

தோ வர்றா மலரு. கையில ரிமோட்டு. மூஞ்சியப் பாரு அவளுக்கு. பின்னாடி சொக்கம்மாவும் வர்றா. நிமிந்து வர்றா பாரு. எழுந்து நில்லு.

எந்த நாயி இப்டிப் பண்ணுச்சுன்னா கேட்ட? வாயக் கழுவு. எனுக்கு ஒரு பைலப் பிரிக்கத் தெரியுமா? ஷிபினுக்குத் தெரியுமா? அந்த ராயபுரம் ரூமு எவளோடதுன்னு நீ இன்னும் கேக்கல. ஐடி கம்பெனின்னு மைக்குல சொன்னியே, அதான் அந்தக் கம்பெனி. காலைல பைக்ல பின்னாடி குந்த வெச்சு இட்டாந்தியே, எம் பொண்ணு எம் பொண்ணுன்னு. சட்டைக் கைய மேல இழு. படி. நீதான் குத்திகினு வந்த, எனுக்கு எழுத்துகூட ஞாபகம் கீது.

கார்குழலி.